நீலம் பூசிய சிலிண்டர்

ஏசி பூட்ட வந்தவர் சவுக்காரத் தண்ணீர் கேட்டார். "அக்கா, ஒரு கோப்பையிலை கரைச்சுத் தாங்கோ. நல்லா நுரைக்கோணும்." அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அவர் என்னை அக்கா என்றும் நான் அவரை அண்ணை என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். குசினிக்குள் போய் மஞ்சள் நிறச் சோப்புக் கட்டியைக் கத்தியால் சீவிச் சுடுதண்ணீரில் போட்டதும் அந்த வாசம் எழும்பியது. நுரையை அடித்தபடியே நின்றுவிட்டேன். அது கோப்பையில் நிரம்பி, வழிந்து, என் காலில் விழுந்த பிறகுதான் கை நின்றது.

உன் கையில் எப்போதும் இருந்த வாசம் அது. செப்புக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சின்னப் பிரஷ்ஷால் நுரையைத் தடவி, மூக்கு முட்டக் குனிந்து, ஒரு குமிழாவது ஊதிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பாய். "பத்து நிமிசம் குந்தியிருந்து பாக்காம எழும்பினா அது பாத்த கணக்கில்லடி" என்பாய். நீ செத்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அந்த வாசம் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதற்காகவே இத்தனை நாளும் ஏசி வேண்டாம் என்று மறித்துக்கொண்டிருந்தேன்.

மகனால்தான் முடியாமல் போனது. அவனுக்கு இப்போது ஒன்றரை வயது. இந்த முறை வெயிலுக்கு வியர்க்குரு கட்டியாகிக் கழுத்தெல்லாம் சீழ் வைத்துவிட்டது. "குளிர்ச்சியான இடத்திலை வைச்சிருங்கோ" என்று டொக்டர் சொல்லிவிட்டார். பகல் முழுக்க மணலும் தகரமும் கொதிக்கிற இந்தத் தீவில் அப்படி ஓர் இடத்தை நான் எங்கே தேடுவது? பிள்ளை அழுது அழுது தூங்கினால் எழுந்து போய் அவன் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். அவன் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். "பாவம்டி அவன். மூச்சு விடுறதுக்குக்கூட உங்கிட்ட வரவு காட்டணுமா?" என்று நீ சிரித்திருக்கிறாய். கடைசியில் இவர், என் வீட்டுக்காரர், என்னிடம் கேட்காமலே ஏசியை வாங்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்.

நுரைக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சிலிண்டரைக் கண்டேன். நீலம். படகுக்குப் பூசுகிற அதே நீலம்.

இந்தக் கரையில் இரும்பு நிற்காது. உப்புக்காற்று ஆறு மாதத்தில் தின்றுவிடும். படகுக்குப் பூசி மிஞ்சிய பெயின்றை வாளிக்கும் கேற்றுக்கும் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் இழுத்துவிடுவது எங்கள் வழக்கம். சிலிண்டருக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கிற வாயு எது என்று வெளி நிறத்தை வைத்துத்தான் அறிய வேண்டும் என்பது எங்கள் கடற்கரையில் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

"அண்ணை, இதுக்குள்ளை என்ன?"

"நைட்ரசன் அக்கா. லீக் பாக்கிறதுக்கு."

"நைட்ரசன் எண்டு ஆர் சொன்னது?"

"தந்தவர் சொன்னவர்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

அவர் சிரித்தார். "காத்தை எப்பிடி அக்கா கண்ணாலை பாக்கிறது?"

பார்க்கலாம். நானும் நீயும் பார்த்திருக்கிறோம். தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் வகுப்பில் ஆண்களுக்கு நடுவே நாம் இரண்டு பேர்தான் பெண்கள். ஒரே மேசையில் நெருக்கிக்கொண்டு இருப்போம். முதல் நாள் நீ "இந்தச் சேர்ல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாய். பின்னால் இருந்த ஒருவன், "சேரிலை ஒருத்தரும் இல்லை, கதிரையிலைதான் ஆக்கள் இருக்கினம்" என்றான். இங்கே சேர் என்றால் வாத்தியார், உட்காருவது கதிரை. வகுப்பே சிரித்தது. நீ திரும்பிப் பார்த்து, "மண்டபத்துப் பக்கம் அகதி முகாம்ல இருந்தப்போ சிலோன்காரின்னாங்க. இங்க வந்தா இந்தியாக்காரியா? நடுக்கடல்ல ஒரு கதிரை போட்டுத் தாங்க, அங்கயே இருந்துக்கிறேன்" என்றாய். அதற்குப் பிறகு அவன் உன்னிடம் வாய் கொடுக்கவில்லை.

நைட்ரசனை ஏன் அடைக்கிறோம் என்று அங்கேதான் படித்தோம். குழாய்களைப் பொருத்தியதும் நேரே குளிர்வாயுவை விட்டால், மூட்டில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் மெல்ல மெல்ல எல்லாம் போய்விடும். அதனால் முதலில் நைட்ரசனைப் பெரிய அழுத்தத்தில் ஏற்றி, நுரை தடவி, கேஜின் முள் இறங்குகிறதா என்று காத்திருப்பது. நைட்ரசன் எதனோடும் சண்டைக்குப் போகாத வாயு. ஒக்சிசன் அப்படியில்லை. கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெயை அந்த அழுத்தத்தில் தொட்டால் அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. மோசமான விசயம், இரண்டு சிலிண்டருக்கும் ஒரே மரை. ஒரே ரெகுலேட்டர் இரண்டிலும் அழகாகப் பூட்டும். எங்கள் ஆசிரியர் ஒரு நாள் ஊதுவத்தியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்து, தணலோடு பிடித்துக்கொண்டு ஒரு சிலிண்டரை மெல்லத் திறந்தார். தணல் செத்தது. "இது நைட்ரசன்." மற்றதைத் திறந்தார். தணல் வெள்ளையாக எரிந்து சுடர் விட்டது. நீ என் தொடையைக் கிள்ளினாய்.

இன்று முற்றத்தில் அதையே செய்தேன். அந்த அண்ணை ரெகுலேட்டரைப் பூட்டப் போனவர், "விசர் வேலை, அக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே வால்வைத் துளி திறந்தார். வீட்டுச் சுரூபத்தடியில் மாதாவுக்குக் கொளுத்துகிற ஊதுவத்தியை ஒரு முழம் தள்ளி நீட்டிப் பிடித்தேன். தணல் சிவந்து நின்றது. பிறகு அணைந்தது.

"பாத்தியளே, நைட்ரசன்தான்" என்றார் அவர்.

நான் மண்ணில் குந்திவிட்டேன். ஒரு ஊதுவத்தி. அரை நிமிடம். அவ்வளவுதான் செலவு.

அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்தார். "நீங்கள் பயப்பிடுறதிலையும் நியாயம் இருக்கக்கா. போன வருசம் ஒரு பொம்பிளை ஒக்சிசனைப் பூட்டி வெடிச்சுச் செத்தவ, கேள்விப்பட்டிருப்பியள். படிச்ச ஆளாம். ஆனா கவனமில்லை. நாங்கள் புதுசாத் தொழிலுக்கு வாற ஆக்களுக்கு அவவின்ரை கதையைத்தான் சொல்லுறனாங்கள். அந்தப் பொம்பிளை மாதிரிப் பூட்டாதேங்கோடா எண்டு."

தீவுக்கு வெளியே அடம்பனிலிருந்து வருகிற அவருக்கு உன்னைத் தெரியாது. உன் பெயர்கூடத் தெரியாது. ஆனால் உன்னைப் பற்றித் தெரிந்த ஒரே விசயம் அதுதான். நுரை அடங்கிப்போயிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மறுபடி அடித்தேன்.

கவனமில்லாதவள் நீயா? குளிர்வாயுவைக் கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றுகிறவர்கள்தான் இங்கே அதிகம். நீ நிறுத்து ஏற்றினாய். அதற்கான தராசு வாங்க வசதியில்லாமல், மீன் வாடியில் தொங்குகிற இலக்கத் தராசு ஒன்றை வாங்கி வந்து, வாயுச் சிலிண்டரை அதில் மாட்டித் தொங்கவிட்டு, கிராம் கிராமாக இறக்குவாய். பேசாலையில் ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன பிள்ளை, காஸையும் கிலோக் கணக்கிலையோ விக்கிறியள்?" நீ தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா ஐயா, பாரையைவிட விலை. தலை, வாலெல்லாம் கழிக்க மாட்டோம்" என்றாய். நான் அப்போது ஏழு மாத வயிற்றோடு, தொழிலை விட்டுவிட்டு, உன்னைப் பார்க்கவென்றே வந்து அந்த வீட்டு விறாந்தையில் இருந்தேன். பொறாமையாகக்கூட இருந்தது. நாம் இருவரும் சேர்ந்து செய்வோம் என்றுதான் படித்தோம். நான் கலியாணம் கட்டி, வயிறு தள்ளி, வீட்டில் நின்றுகொண்டேன். நீ தனியாகச் செய்தாய்.

உன்னிடம் நைட்ரசன் சிலிண்டர் இரண்டு இருந்தன. ஒன்று வேலைக்குப் போகும். மற்றது எங்கள் வீட்டை ஒட்டிய யார்டில், இவர் படகும் எஞ்சினும் திருத்துகிற இடத்தில், நிற்கும். "வீட்டுக்குள்ள குண்டைக் கொண்டாந்து வைக்காத" என்று உன் அம்மா மறுத்துவிட்டதால் என்னிடம் கேட்டாய். நான்தான் சரி என்றேன். யார்டிலும் இரண்டு ஒக்சிசன் சிலிண்டர்கள் உண்டு, இரும்பு வெட்ட, ஒட்ட. அந்த நாட்களில் படகுகளைக் கரைக்கு ஏற்றிப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். மிஞ்சியதை மூன்று சிலிண்டருக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில்தான். உன்னுடையது துருப்பிடிக்கிறதே என்று.

அன்று காலை மகனுக்குக் காய்ச்சல். ஆறு மாதக் குழந்தை, உடம்பு அனலாகக் கொதித்தது. மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. நீ தலைமன்னார் வீதியில் ஒரு விடுதியில் பழைய ஏசி ஒன்றைக் கழற்றி வேறு அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தாய். ஒழுகி வாயு முழுக்க முடிந்துபோன யூனிட். அங்கிருந்து போன் எடுத்தாய்.

"அடியே, இங்க நைட்ரசன் காலியாயிருச்சு. என்னோடத ஒரு ஓட்டோல ஏத்தி விடுறியா?"

"விடுறன், வை."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். மூன்று நீலச் சிலிண்டர்கள். மேலே இருந்த எழுத்து ஒன்றும் தெரியவில்லை. இவர் அன்று கொழும்பில். யார்டைப் பார்த்துக்கொள்கிற யூட் அண்ணை ஓர் எஞ்சின் எடுக்கச் சிலாவத்துறைக்குப் போயிருந்தார். அவருக்குப் போன் அடித்தேன்.

"ஏசிப் பிள்ளையின்ரை சிலிண்டர் எது, அண்ணை?"

"கதவுப் பக்கத்திலை நிக்கிறது தங்கச்சி. எங்கடை ரெண்டும் அங்காலை."

அவர் பெயின்ற் அடிக்க முன்பு நின்ற இடத்தைச் சொன்னார். அடித்தவர்கள் காய வைத்துவிட்டுத் திரும்ப வைத்த ஒழுங்கு அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நான் படித்தவள். என் வீட்டில் சுரூபத்தடியில் ஊதுவத்தி இருந்தது. மகன் என் தோளில் வாந்தி எடுத்தான். கதவுப் பக்கத்துச் சிலிண்டரை ஓட்டோக்காரருக்கு விரலால் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

அரை மணித்தியாலத்தில் மறுபடி எடுத்தாய்.

"வந்துருச்சு. இது என்னோடதுதானே? பேரெல்லாம் மறைஞ்சு போச்சே. பாத்தியா?"

"ஓம், பாத்தனான்."

நீ சிலிண்டரை விரலால் தட்டிப் பார்ப்பது போனில் கேட்டது. பிறகு, "நல்லாப் பாத்தியாடி?" என்றாய்.

"பாத்தனான் எண்டு சொல்லுறன்தானே! பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. வை போனை."

"சரி, சரி. நீ சொன்னாச் சரி. நான் சாயங்காலம் வர்றேன், புள்ளையைப் பாக்க."

நீ கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது. நுரை தடவக் குனிந்திருந்த நேரத்தில் கொம்பிரசர் வெடித்தது என்று பிறகு சொன்னார்கள். சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

யார்டில் மிஞ்சி நின்ற இரண்டில் ஒன்று உன்னுடைய நைட்ரசன் என்பது அடுத்த நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், இவர், யூட் அண்ணை. பொலிஸ் வந்தபோது நான் அறைக்குள் பிள்ளையோடு இருந்தேன். இவர் முற்றத்தில் நின்று சொல்வது யன்னலால் கேட்டது. "அது அவவின்ரை சிலிண்டர் ஐயா. இஞ்சை வைச்சிருந்தவ. ஆள் அனுப்பி எடுப்பிச்சவ. என்ன காஸ் அடைச்சு வைச்சிருந்தவ எண்டு எங்களுக்கென்ன தெரியும்?" அவர்கள் போன பிறகு உள்ளே வந்து என் மடியில் கிடந்த மகனைக் காட்டி, "நீ உள்ளை போனா இவனை ஆர் பாக்கிறது?" என்றார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. இவர் பயமுறுத்தித்தான் நான் வாயை மூடினேன் என்று எழுதினால் அதுவும் பொய். வாயை மூட எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் தந்தார்.

விசாரணையில் எழுதினார்கள்: தொழில்நுட்பவியலாளரின் கவனக்குறைவு. ஊர் அதைத் தன் மொழியில் எழுதியது. பொம்பிளைப் பிள்ளை செய்கிற வேலையா இது? கல்லூரியில் அந்த வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்பிள்ளைகளையும் தாய் தகப்பன் வந்து மறித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். உன் அடக்கத்தன்று உன் அம்மா என் தோளில் விழுந்து, "அவளுக்கு எப்பவும் அவசரம்மா, நான் சொல்லிக்கிட்டே இருந்தேன்" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கை இதுதான், இப்போது எழுதுகிற கை.

ஏசி பூட்டிய அண்ணை இன்று வேலையைச் சரியாகவே செய்தார். கேஜின் முள் அசையவில்லை. நைட்ரசனைத் திறந்துவிட்டு, பம்பால் குழாயை வெற்றிடமாக்கி, வாயுவைத் திறந்தார். பத்து நிமிடத்தில் அறை குளிர்ந்தது. மகன் எத்தனையோ நாளுக்குப் பிறகு அழாமல் தூங்கினான். நான் பக்கத்தில் கிடந்தேன். 'அந்தப் பொம்பிளை மாதிரிப் பூட்டாதேங்கோடா.' அந்தக் குளிரில் கிடக்க முடியவில்லை. அவன் எழும்பியதும் உடுப்பை மாற்றி, ஓட்டோ பிடித்து, பின்னேரம் நாலு மணிக்குத் தாழ்வுபாட்டுப் பக்கம் உன் வீடு இருக்கிற குறுகிய ஒழுங்கையில் இறங்கினேன்.

உன் அம்மா பள்ளிக்கூடச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். "வாம்மா. கதிரையை இழுத்துப் போட்டு இரு" என்றார். அவரும் இப்போது கதிரை என்றுதான் சொல்கிறார். மகனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்து மடியில் ஏற்றிக்கொண்டார்.

"அன்ரி, அண்டைக்குச் சிலிண்டரை அனுப்பினது நான்."

"தெரியுமே. உங்க யார்டுலதானே வெச்சிருந்தா."

"எது அவளின்ரை எண்டு எனக்குத் தெரியாது. நான் பாக்கேல்லை. பிழையானதை அனுப்பிப் போட்டன். அவள் போனிலை கேட்டவள். பாத்தனான் எண்டு பொய் சொன்னனான்."

தையல் மெசினில் இருந்த அவர் கால் நின்றது.

"கேட்டாளா?"

"ஓம்."

"என்னன்னு கேட்டா? ஒரு சொல் விடாம அப்பிடியே சொல்லு."

சொன்னேன். நீ பேசியதையும், நான் எரிந்து விழுந்ததையும், நீ கடைசியாகச் சொன்னதையும்.

"ரெண்டு தடவை கேட்டிருக்கா."

"ஓம் அன்ரி."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகனைத் தூக்கி என் மடியில் வைத்தார். வாயில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு உன் படத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒரு வருசமா அவளைத் திட்டிக்கிட்டிருக்கேன். தினம் பூ வைக்கிறப்போ. 'ஏண்டி கவனிக்கல, எத்தனை தரம் சொன்னேன், ஏண்டி கவனிக்கல'ன்னு. செத்த பிள்ளையைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். தலையை வாரிக்கொண்டார்.

"எழும்பு."

"பொலிசுக்கோ, அன்ரி?"

"அது நாளைக்கு, கந்தோர் திறக்கிற நேரத்துல. இப்ப இந்த ஒழுங்கை."

முதல் வீட்டுக்காரி மதலேன் அக்கா வாசலிலேயே நின்றார். நாங்கள் மூன்று பேரும் படலையைத் திறந்துகொண்டு வருவதைக் கண்டு, "என்ன, வீடு வீடா வாறியள், கலியாணம் சொல்லவோ?" என்று சிரித்தார்.

"இல்ல. இவ ஒண்ணு சொல்லணுமாம். கேளுங்க" என்றார் உன் அம்மா.

சொன்னேன். மதலேன் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "நான் அப்பவே நினைச்சனான், அந்தப் பிள்ளை கெட்டிக்காரி, அப்பிடிச் செய்யாள் எண்டு" என்றார்.

"நினைச்சீங்களா? போன வாரம் வேலியில நின்னு வேற என்னமோ சொன்னீங்க" என்று உன் அம்மா திரும்பி நடந்தார்.

இரண்டாவது வீட்டில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா, "சத்தமாச் சொல்லு பிள்ளை, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்" என்றார். சத்தமாகச் சொன்னேன். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் ஒருத்தி என்னைத் துப்புவதுபோலப் பார்த்து, "இவ்வளவு நாளும் சோறு இறங்கினதே உனக்கு?" என்று கேட்டாள். இறங்கியது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று தின்றேன். அதையும் சொன்னேன். மகன் இடுப்பில் கனத்தான். உன் அம்மா அவனை வாங்கவில்லை.

ஐந்தாவது வீடு, வகுப்பிலிருந்து மறித்துக் கூட்டி வந்த பிள்ளைகளில் ஒருத்தியின் வீடு. எனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியும். "இங்க கொஞ்சம் விளக்கமாச் சொல்லு" என்றார். தகப்பன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒரே மரை, ஒரே நீலம், அணைகிற தணல், எரிகிற தணல் எல்லாம் சொன்னேன். கதவுச் சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அக்கா, குச்சியை எவ்வளவு தூரத்திலை பிடிக்கோணும்?"

"நீ உள்ளை போ" என்றார் தகப்பன்.

அவள் போகவில்லை. சேலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் அப்படியே நின்றன. "ஒரு முழம் தள்ளி" என்றேன். "வால்வைத் துளிதான் திறக்கோணும். முகத்தை அங்காலை வைச்சிரு." தகப்பன் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. உன் அம்மா அந்தப் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்பது வீடுகள். ஒழுங்கை முகப்பில் ஓட்டோவுக்குக் காத்து நின்றபோது, "அன்ரி, என்னை மன்னிச்சு..." என்று தொடங்கினேன்.

"அதை எங்கிட்டக் கேக்காத. எங்கிட்ட அது இல்ல." ஓட்டோ வந்து நின்றதும், "காலைல எட்டரைக்கு வா. புள்ளையை உங்க வீட்டுக்காரர்ட்ட விட்டுட்டு வா. அங்க எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "நான் பொலிசுக்குச் சொன்னதையும் சொல்லப் போறியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சாப்பிடாமல் போய் மகனுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார். தூங்கவில்லை என்று தெரிகிறது. யூட் அண்ணை என்ன சொல்வார், யார்டு என்ன ஆகும், என்னைத் தடுத்து வைப்பார்களா, நாளைப் பின்னேரம் மகன் யாரிடம் பால் குடிப்பான், எனக்கு ஒன்றும் தெரியாது. நான் திடீரென்று தைரியசாலி ஆகிவிடவில்லை. உன்னிடம் அதையாவது மறைக்காமல் சொல்கிறேன்.

இந்த ஒரு வருடமாக உன் குரலில் ஒரு கேள்விதான் என்னோடு இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் கேட்கும். மருந்துப் போத்தலில் அளவு பார்த்தால் கேட்கும். திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்ப்பேன். இவர் அதை விசர் என்கிறார். நாளைக்குப் பிறகும் அது போகாது. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

காலையில் கொடுக்க வேண்டியதை இந்த மடலுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டேன். ஒரு பக்கம். உன் பெயரை முழுதாக எழுதி, தொழில் என்ற இடத்தில் 'பயிற்சி பெற்ற குளிரூட்டல் தொழில்நுட்பவியலாளர்' என்று போட்டிருக்கிறேன். நீ கேட்டதை நீ கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். கவனக்குறைவு என்ற சொல் அதில் ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அதற்கு முன்னால் என் பெயர் இருக்கிறது.